மடியில் கனம்

போன சித்திரையில் அக்கா மகன் போன் செய்தான். ஒடுகத்தூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரில் கத்திரி போட்டிருக்கிறான். சொட்டுநீர் ஓடுகிற நேரத்தில் வரப்பில் உட்கார்ந்து கத்தி வீடியோ பார்ப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. "இன்னா மாமா, பக் 110 வாங்கலாமா வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு. எட்டாயிரத்துச் சொச்சம் கேக்குறான்" என்றான். அந்த அமெரிக்க மடக்குக்கத்தி என்னிடம் ஆறு வருடமாக இருப்பது அவனுக்குத் தெரியும். அதில் ஐந்து வருடம் அது பீரோவிலேயே கிடந்தது தெரியாது.

ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. "அப்புறம் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது.

நான் தோல் தரம் பிரிக்கிறவன். மேல்விஷாரத்தில் ஒரு டேனரியில் 22 வருடம். 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் வேலை ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் வீடு வேலூர் மாவட்டத்துக்கும் போய்விட்டது. எங்களுக்கு எல்லாம் வட ஆற்காடுதான். இந்த வேலையில் பாக்கெட்டில் கத்தி இல்லாமல் ஒரு நாளும் போகாது. குரோமில் பதனிட்ட தோல் டிரம்மிலிருந்து ஈரமாக, நீலமாக வெளியே வரும். வெட் புளூ என்போம். உள்வரைக்கும் குரோம் இறங்கியதா என்று பார்க்க, தடிமனான இடத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டி வெட்டு வாயைப் பார்க்க வேண்டும். நடுவில் வெளிறிய கோடு ஓடினால் டிரம் இன்னும் சுற்ற வேண்டும். அதே துண்டைக் காகிதத்தில் வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்துகொண்டு, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, வரைந்த கோட்டின் மேலேயே திரும்ப வைப்போம். கோட்டுக்கு உள்ளே சுருங்கிச் சுருண்டு கிடந்தால் பதம் பற்றவில்லை. கோட்டை ஒட்டி அப்படியே உட்கார்ந்தால் சரி. இதில் கத்தியின் பங்கு ஒரே ஒரு இழுப்பு. மொண்ணைக் கத்தியாக இருந்தால் வெட்டு வாய் பிசிறிப்போய் நடுக்கோடு தெரியாது. கத்தி உறுதியாக இருக்கிறதா என்ற கேள்வி அங்கே எழுந்ததே இல்லை. கூர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அப்பா எனக்கு முந்தின தலைமுறைத் தோல்காரர். வாணியம்பாடியில் ஆவாரம் பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்துப் பதனிடும் தொட்டிகளில் வேலை பார்த்தவர். அவர் கத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊர்க் கொல்லர் பழைய அரம் ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி அடித்துக் கொடுத்தது. எருமைக் கொம்பில் பிடி, ஒரே ஒரு ஆணி, விரித்த அலகு மடியாமல் பிடிக்கிற பூட்டு கிடையாது. அலகு கரிக்கட்டை மாதிரிக் கறுத்திருக்கும். சின்ன வயதில் அது அழுக்கு என்று நினைத்துச் செங்கல் தூளால் தேய்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். அது அழுக்கில்லை. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்பைத் தொட்டால் கறுப்பாகிவிடும். காளஹஸ்திக்காரர்கள் கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு போடுவதும் இந்த வித்தைதான்: துணியைக் கடுக்காயில் நனைத்துக் காயவைத்து, துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்ட சாற்றால் வரைவார்கள். (காளஹஸ்தியும் ஒரு காலத்தில் எங்கள் வட ஆற்காட்டில் இருந்ததுதான். விட்டுக்கொடுக்க மனசில்லை.) துணியில் அது ஓவியம். பட்டைத் தோலில் அதுவே நஷ்டம். ஈரக் கத்தியை அரை நிமிடம் தோல்மேல் வைத்து மறந்தால் கத்தி வடிவத்திலேயே கறை விழும், எதிலும் போகாது. அதனால் அப்பா வெட்டுவார், உடனே வேட்டியில் துடைப்பார், மடக்குவார். சாகும் வரைக்கும், வாழைப்பழம் நறுக்கினால்கூட அதே மூன்று அசைவு.

துருப்பிடிக்காத எஃகு என்பது சும்மா சொகுசு என்று அதனால் நான் சொல்ல மாட்டேன். பக் கத்தியில் முதலில் பிடித்தது அதுதான்.

அது வந்த கதை சின்னது. அமெரிக்காவில் இருக்கிற மச்சான் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தான். கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று வளர்ந்த வீடு, டெக்சாஸ் போயும் மாறவில்லை. எடுத்துப் பார்த்தேன். இரண்டு முனையிலும் பித்தளைக் கட்டை, நடுவில் கருமரப் பிடி. அலகு மூன்றே முக்கால் அங்குலம். விரித்தால் பின்பக்கத்துப் பூட்டு 'டக்' என்று விழும். அந்தச் சத்தத்துக்காகவே முதல் வாரம் ஒரு நூறு தடவை திறந்து மூடியிருப்பேன். வீட்டில் அவள் எரிச்சலாகி, "குழந்தை கிலுகிலுப்பை ஆட்டற மாதிரி இன்னாது அது" என்று கேட்டாள்.

இந்தக் கத்தியின் பூர்வீகமும் அரம்தான் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது. 1902-ல் கான்சாஸ் மாநிலத்தில் கொல்லு வேலை கற்றுக்கொண்டிருந்த ஹாய்ட் பக் என்ற இளைஞர், தேய்ந்துபோன அரங்களை எடுத்துக் கத்தி செய்ய ஆரம்பித்ததுதான் அந்தக் கம்பெனியின் தொடக்கம். 110 என்ற இந்த மடக்குக்கத்தி 1964-ல் வந்தது. பெல்ட்டில் செருகும் நீளக் கத்தியின் உறுதி மடக்குக்கத்தியிலும் வேண்டும் என்பது நோக்கம். இன்றைக்கும் முதல் வடிவத்திலிருந்து பெரிதாக விலகவில்லை. எஃகின் பெயர் 420எச்சி. குரோமியம் சுமார் 13 சதவீதம். விலை உயர்ந்த எஃகு என்று கத்திப் பைத்தியங்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதைப் பதமேற்றுகிற விதத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள். இது நான் கையால் அறிந்தது: ஒரு வாரம் தோல் துண்டு வெட்டியும் கூர் அப்படியே நின்றது.

கத்தி நல்ல கத்தி, அதில் பேச்சே இல்லை. ஆனாலும் பீரோவுக்குப் போனது.

முதல் காரணம் கனம். 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஏறக்குறைய ஒரு கைபேசி. சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் சாய்கிறது. பேன்ட் பையில் போட்டுப் பைக்கில் உட்கார்ந்தால் தொடையில் குத்துகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் குடியாத்தம் லுங்கி. லுங்கிக்குப் பையேது? மடியில் சொருகி, குனிந்து செருப்பை எடுத்தேன். கத்தி நேராகக் கால் பெருவிரல்மேல் விழுந்தது. மூடியிருந்ததால் பிழைத்தேன், ஆனால் பித்தளை பித்தளைதான், நகம் கறுத்துவிட்டது. அதோடு ஒரு தோல் உறை கொடுக்கிறார்கள், பெல்ட்டில் மாட்டிக்கொள்ள. தோல்காரன் கண்ணுக்கு அந்த உறை அழகாகத்தான் இருக்கிறது. மாட்டிக்கொண்டு மண்டித் தெருவில் நடந்து பாருங்கள்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்களே, அது என் விஷயத்தில் வார்த்தைக்கு வார்த்தை நடந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது கிரீன் சர்க்கிள் பக்கம் வண்டியை நிறுத்தினார்கள். "இடுப்புல இன்னா?" எடுத்துக் காட்டினேன். போலீஸ்காரர் விரித்தார், 'டக்'. இன்னொரு தடவை மூடி விரித்தார். அந்தச் சத்தம் அவருக்கும் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். டேனரி அடையாள அட்டையைக் காட்டி, தோல் வெட்டுகிற கதையைச் சொன்னேன். "சரி, இத இடுப்புல மாட்டிக்கினு சுத்தாத. பையில போடு" என்று அனுப்பினார். ஆயுதச் சட்ட விதிகளில் கத்திக்கு அளவு சொல்லியிருக்கிறது: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால்தான் உரிமக் கணக்கில் வரும், வீட்டு வேலை, விவசாயம், தொழில் இவற்றுக்குச் செய்த கத்திகளுக்கு விலக்கும் உண்டு. என் கத்தி அந்த அளவில் பாதிகூட இல்லை. ஆனால் ராத்திரி பதினொன்றரை மணிக்கு யாரிடம் அங்குலக் கணக்குப் பேசுவது? நம் ஊரில் மடக்குக்கத்தி என்றாலே சினிமா ரவுடியின் பட்டன் கத்திதான் நினைவுக்கு வரும். தேங்காய் வெட்டுகிற இரண்டடி அரிவாளைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போகிறவரை யாரும் நிறுத்துவதில்லை. அதற்கு வேலை இருப்பது பார்த்தாலே தெரிகிறது.

இந்தச் சைக்கிள் அரிவாள்தான் மருமகன் கேள்விக்குப் பதில் என்று எனக்குப் படுகிறது. அவன் பார்க்கும் வீடியோக்களை நானும் பார்த்திருக்கிறேன். கத்தியை மரக்கட்டையில் குத்தி நிறுத்தி அதன்மேல் ஏறி நிற்கிறார்கள். முதுகுப் பக்கம் சுத்தியலால் அடித்து விறகு பிளக்கிறார்கள். பூட்டு தாங்குகிறதா என்று எடைக்கல் தொங்கவிடுகிறார்கள். கோல்ட் ஸ்டீல் என்ற அமெரிக்கக் கம்பெனி இதற்கே பேர்போனது. அவர்களுடைய ட்ரை-ஆட் பூட்டு உண்மையிலேயே தாங்கும். காட்டில் நான்கு நாள் தனியாகத் திரிகிற ஆளுக்குக் கையில் இருப்பது அந்த ஒரு கத்தி மட்டும்தான். விறகும் அதனால்தான், கயிறும் அதனால்தான், வேட்டையாடினதை உரிப்பதும் அதனால்தான். அவனுக்கு அந்த முரட்டுத்தனம் தேவை.

நமக்கு வேலைக்கு ஒரு கருவி. காய் நறுக்க அரிவாள்மனை. கதிருக்குக் கதிர் அரிவாள். முள் வெட்டக் கொடுவாள். இளநீருக்குத் தனி அரிவாள், பாக்குக்குப் பாக்குவெட்டி, தேங்காய் மட்டைக்குக் கடப்பாரை. முரட்டு வேலை எல்லாவற்றையும் இவை எடுத்துக்கொண்ட பிறகு மடக்குக்கத்திக்கு மிச்சம் விழுவது என்ன? சாக்குத் தைத்த நூலை அறுப்பது. 16 மில்லிமீட்டர் சொட்டுநீர்க் குழாயை வெட்டுவது. பார்சல் டேப். மாங்காய். என் விஷயத்தில் ஒரு துண்டுத் தோல். மருமகன் விஷயத்தில் கத்திரிக்காய்க் காம்பு; இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்து ஊரே கொண்டாடியது, ஆனால் குறியீடு வந்தாலும் காம்பு முள் கட்டைவிரலில் ஏறத்தான் செய்கிறது. இதில் எந்த வேலைக்கும் மேலே ஏறி நிற்கத் தேவையில்லை. மெல்லிய அலகு வேண்டும், லேசான கனம் வேண்டும், தீட்ட எளிதாக இருக்க வேண்டும். உறுதிக்குக் கொடுக்கிற காசு இந்த மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது.

பக் கத்தியின் முதுகு 3 மில்லிமீட்டர் தடிமன். விளிம்பு மெல்லியதாகத்தான் குடைந்து சீவியிருக்கிறார்கள், அதனால் தோலில் வெண்ணெய் மாதிரி இறங்கும். மாங்காயில் பாதி இறங்கியதும் முதுகு ஆப்பு மாதிரி நின்றுகொண்டு 'படக்' என்று பிளக்கும். கீற்று கேட்டால் இரண்டு கட்டை கிடைக்கும்.

இன்னொன்று. அந்தக் கத்தியின் முழுப் பெயர் '110 ஃபோல்டிங் ஹன்டர்'; பெயரிலேயே வேட்டைக்காரன் இருக்கிறான். இங்கே மானைத் தொட்டால் 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. உரிக்கும் வேலை நமக்கு இல்லை. இருந்தாலும் தோல்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். தரம் பிரிக்கிற மேஜையில் தினம் நான் பார்க்கிற சேதங்களில் ஒன்று உரிக்கும்போது விழுந்த கத்திக் கீறல். ஓட்டை விழுந்துவிட்டால்கூட பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். சதைப் பக்கம் பாதி ஆழம் போன கீறல் பச்சைத் தோலில் ஒளிந்திருந்து, சீவி மெலிதாக்கிய பிறகு பல்லை இளிக்கும். முதல் தரம் என்று நினைத்தது மூன்றாம் தரத்துக்குப் போகும். இதற்குப் பெரும்பாலும் காரணம் கத்தியின் ஊசி முனை. உரிக்கிற கத்திக்கு வயிறு உருண்டும் முனை மழுங்கியும் இருக்க வேண்டும். 110-க்கு முனை நல்ல ஊசி. குத்தித் துளைபோட அருமையான முனை. உரிக்கிறவர் கையில் அதைக் கொடுக்க எனக்குத் தைரியம் வராது.

சரி, தீட்டுகிற கதைக்கு வருகிறேன். இதில் தப்பு முழுக்க என்னுடையது. ஒருநாள் காலையில் தெருவில் சாணை பிடிக்கிறவர் வந்தார். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிப் பெடலை மிதித்தால் கல் சுற்றுமே, அந்தச் சாணை. வீட்டில் அரிவாள்மனை எடுத்துப்போனாள். பேச்சுவாக்கில் நானும் பக் கத்தியை நீட்டிவிட்டேன். நீள நீளமாகப் பொறி பறந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வாங்கினபோது முனையில் ஒரு விரற்கடை நீளத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. எஃகைப் பதமேற்றும்போது கடைசியில் எந்தச் சூட்டில் நிறுத்துகிறார்களோ அதற்கு மேல் ஒரு தடவை சூடேறினால் அந்தப் பதம் போய்விடும். மெல்லிய விளிம்பு, தண்ணீர் காட்டாத கல், நான்கு விநாடி போதும். அவர் கை கொடுவாள் தீட்டிப் பழகின கை. அரிவாள்மனை அன்றைக்கு அருமையாக வெட்டியது. கத்தி முனை மட்டும் அதற்குப் பிறகு இரண்டு நாள்கூடக் கூர் தாங்கவில்லை. மூன்று சாயங்காலம் கல்லில் தேய்த்து அந்த நீலம் போகும் வரை எஃகைக் கரைத்தேன். முனை இப்போது கொஞ்சம் குட்டை.

வாழ்நாள் உத்தரவாதம் உண்டே என்று மருமகன் கேட்டான். உண்டு, முதலில் வாங்கினவருக்கு. அவர்கள் தொழிற்சாலை ஐடஹோ மாநிலத்தில் போஸ்ட் ஃபால்ஸ் என்ற ஊரில். வேலூரிலிருந்து அங்கே ஒரு கத்தியைக் கூரியரில் அனுப்பித் திருப்பி வாங்குகிற செலவையும், கத்தி என்று எழுதிய பார்சலுக்குக் கவுண்டரில் சொல்ல வேண்டிய விளக்கத்தையும் நினைத்தால் அந்த உத்தரவாதம் அமெரிக்காக்காரனுக்குத்தான். என் முனை போனது அவர்கள் கணக்கில் சேரவும் சேராது.

இதைவிட விலை கூடின முரட்டுக் கத்திகளில் எஸ்30வி மாதிரி வனேடியம் கலந்த எஃகு வரும். கூர் மாதக்கணக்கில் நிற்கும் என்பது உண்மை. ஆனால் மழுங்கினால், அதில் இருக்கிற வனேடியம் கார்பைடு என்ற நுண்துகள் லாங் பஜார் ஹார்டுவேர் கடைக் கல்லுக்குச் சளைக்காத கெட்டி. வைரத் தூள் பதித்த தகடு வாங்க வேண்டும். கத்திக்கு ஒரு விலை, அதற்குத் தீனி போட இன்னொரு விலை. பக் கத்தியின் பழைய எஃகே இந்த விஷயத்தில் மேல். சாதாரணக் கல்லில் சொன்னபடி கேட்கும்.

பூட்டு பற்றி மட்டும் நான் கஞ்சத்தனம் சொல்ல மாட்டேன். என் வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டாவது கணுவுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த வருடம், பஸ் ஸ்டாண்டு பக்கம் தரையில் துணி விரித்து விற்றவரிடம் நாற்பது ரூபாய்க்கு ஒரு மடக்குக்கத்தி வாங்கினேன். பெல்ட்டில் கூடுதலாக ஒரு ஓட்டை போடலாம் என்று முனையை வைத்து அழுத்தினேன். பூட்டு என்று அதில் ஒன்று பேருக்கு இருந்தது. அலகு அப்படியே மடிந்து விரலைக் கவ்வியது. ஐந்து தையல். பூட்டில்லாத கத்தியில் வெட்டலாம், குத்தக் கூடாது. நல்ல பூட்டுள்ள கத்தியிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பக் மாதிரிப் பின்பூட்டுக் கத்தியில் பூட்டு விழுகிற பள்ளத்தில் பையில் இருக்கிற பஞ்சும் தூசியும் அடைந்துகொள்ளும். 'டக்' என்று விழாமல் 'தொப்' என்று விழுந்தால் பள்ளத்தைப் பல்குச்சியால் சுத்தம் செய்துவிட்டுத்தான் மறுவேலை.

இப்போது என் பையில் இருப்பது ஒப்பினல் 8-ஆம் நம்பர். பிரான்சில் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினல் என்பவர் 1890-ல் தொடங்கிய கத்தி. பீச் மரப் பிடி, 8.5 சென்டிமீட்டர் அலகு, முதுகு 2 மில்லிமீட்டர்கூட இல்லை. கழுத்தில் ஒரு இரும்பு வளையம்; திருகினால் பூட்டு. அந்த வளையம் 1955-ல் சேர்த்தது, அதற்கு முன்னால் அதுவும் அப்பா கத்தி மாதிரிதான். கனம் 50 கிராமுக்குள். சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. மாங்காயில் கீற்று கேட்டால் கீற்று வரும். குறை இல்லாமல் இல்லை. ஐப்பசி மழையில் ஒரு வாரம் பையிலேயே நனையவிட்டேன், மரம் ஊதி அலகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அடிக்கட்டையை மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு வெளியே தலை நீட்டும். சவோய்க்காரர்களின் பழைய வித்தை அது. மழை விட்டு வேலூர் வெயிலில் இரண்டு நாள் வைத்ததும் மரம் பழையபடி இளைத்துவிட்டது. கார்பன் எஃகு வாங்கியதால் அலகு அப்பாவுடையது மாதிரிக் கறுத்துக்கொண்டு வருகிறது. பட்டைத் தோல் தொட வேண்டியிருந்தால் அதிலேயே துருப்பிடிக்காத அலகும் கிடைக்கும்.

விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் மடக்குக்கத்தி ஒன்றும் வைத்திருந்தேன். கைப்பையில் மறந்து விமான நிலையம் வரை கொண்டுபோய், அங்கே இருந்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அதன் கத்தரிக்கோல் நினைவாக இருக்கிறது.

இவ்வளவையும் மருமகனிடம் சொன்னேன். முதலில் இருநூறு முந்நூறு ரூபாய்க்கு இரண்டு பக்கமும் சொரசொரப்பு வேறுபடுகிற ஒரு கல் வாங்கு என்றேன். வீட்டில் இருக்கிற கத்தியை 20 டிகிரி சாய்த்து, ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கம் விரலில் பிசிறு தட்டுகிறதா பார், தட்டினால் திருப்பு என்றேன். கல் கிடைக்கவில்லையா, பீங்கான் டீ கப்பைக் கவிழ்த்தால் அடியில் மெருகில்லாத வளையம் இருக்கும், அதில் இழு. கடைசியில் பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில் பத்து இழுப்பு. இதைச் செய்யப் பொறுமை இல்லாதவனுக்கு எட்டாயிரம் ரூபாய்க் கத்தியும் ஒரு மாதத்தில் நாற்பது ரூபாய்க் கத்திதான் என்றேன்.

"அதெல்லாம் சரி மாமா. வாங்கலாமா வேணாமா?"

"வேலைக்குன்னா வேணாம். ஆசைக்குன்னா என்னுதயே எடுத்துக்கினு போய் ஒரு வாரம் வச்சிருந்து பாரு."

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்தான். திண்ணையில் வைத்தேன், எடுத்துக்கொண்டான். இரண்டு மூன்று தடவை 'டக்' என்று திறந்து மூடினான். உள்ளே இருந்து அவள், "இன்னொண்ணு ஆரம்பிச்சிடுச்சா?" என்றாள். ஒரு வாரம் என்று போனது இப்போது ஐந்தாவது மாதம். நானும் கேட்கவில்லை. போன வாரம் ஒரு பை முள்ளுக் கத்திரிக்காயோடு வந்தான், கத்தியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று பின்னந்தலையைச் சொறிந்தான்.

"மாமா, அந்தக் கல்ல எங்க வச்சிருக்க?"